பாண் ஓட்டோ மெட்டு

"ஒண்டில் அந்தக் குருவிட வாய மூடுங்க. இல்லாட்டி ஆருக்காவது குடுத்துப்போட்டு வாங்க. ரோட்டால தல நிமிந்து போகேலாமக் கிடக்கு."

கண்ணகை சந்தைப் பையைத் தொப்பென்று வைத்த வேகத்திலேயே நல்லரத்தினத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. மீன் வாங்கும் இடத்தில் பெண்கள் மறுபடியும் இவளைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"இண்டைக்கு என்னவாம்?"

"'உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லயா கா'ண்டு கேக்காங்க. செத்த மனிசன்ர பாண் மெட்ட, அவன்ர பெண்சாதிட காதுக்குள்ளயே நம்மட குருவி ரெண்டு நேரமும் ஊதுதாம்."

கூண்டின் மேல் உட்கார்ந்திருந்த கொக்கட்டீல் குருவி கொண்டையை நிமிர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது அதற்கு எப்போதும் தெரியும்.

பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, தண்ணீர் மோட்டார் வாங்க மட்டக்களப்பு டவுனுக்குப் போனவர் நல்லரத்தினம். மோட்டார் இல்லாமல் இந்தப் பறவையோடு வந்து இறங்கினார். அதற்கு மூன்று வருடமாகிறது. மஞ்சள் தலை, கன்னத்தில் இரண்டு செம்மஞ்சள் பொட்டு, எந்நேரமும் ஒரு மிடுக்கு.

"பொம்புளப் புள்ள இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ள வந்திட்டார்" என்று கண்ணகை சிரித்தாள். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

மாப்பிள்ளைக்குரிய முறுக்கில் ஒரு குறையும் இல்லை. இருப்பதென்றால் நல்லரத்தினத்தின் தோள்தான். அங்கே இருந்தபடி சட்டைப் பொத்தானைக் கடித்துத் துப்புவார். விளக்குமாற்றைக் கண்டால் பாம்பு மாதிரிச் சீறுவார். கழுத்தைச் சொறிந்துவிட வேண்டுமென்றால் தலையைக் குனிந்து காட்டுவார். பாதியில் விரலை எடுத்தால் நறுக்கென்று ஒரு கொத்து.

மெட்டு பாண்கார உதயரூபனிடமிருந்து வந்தது. காலை ஆறு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் அந்த மெட்டை ஒலிபெருக்கியில் போட்டபடி, பேக்கரிப் பாணும் பணிஸும் விற்கும் அவனுடைய பாண் ஓட்டோ அந்தக் குறுகலான ஒழுங்கைக்குள் வரும். ஆறே மாதத்தில் மாப்பிள்ளை எவர்சில்வர் டம்ளரில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதையே விசிலடிக்கப் பழகிவிட்டார். ஒருநாள் ஒழுங்கைச் சனம் முழுக்கப் பாண் வாங்க ஓடிவந்து வெறும் ரோட்டைப் பார்த்து நின்றது. பின்னால் வந்த உதயரூபன் விஷயம் அறிந்து வயிறு நோகச் சிரித்தான்.

"மாமா, மாப்பிள்ள எனக்குப் போட்டியா யாவாரம் துவங்கிட்டார்!"

அன்றிலிருந்து பணிஸில் ஒரு துண்டு பிய்த்து மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

போன மார்கழியில் உதயரூபன் நெஞ்சு வலியில் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது. ஓட்டோவை விற்றாயிற்று. பக்கத்து வீட்டில் அவன் மனைவி தனுஷா தனியாக இருக்கிறாள். மெட்டு மட்டும் ஒழுங்கையில் நின்றபாடில்லை.

நல்லரத்தினமும் சும்மா இருக்கவில்லை. கூண்டைத் துணியால் மூடிப் பார்த்தார். பின் அறைக்கு மாற்றினார். போனில் நாதஸ்வரம் போட்டுப் பழக்கினார். மாப்பிள்ளை தலையைச் சரித்து மரியாதையாகக் கேட்டுவிட்டு, பாண் மெட்டையே அடித்தார்.

"அந்தப் புள்ள உன்னட்ட ஏதும் சொன்னதா?" என்று கேட்டார்.

"அது வாய் திறக்காத புள்ள. நாமதான் விளங்கி நடக்கணும்."

அது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் மாப்பிள்ளை மெட்டை எடுத்துவிட, முன் சீட்டுக்காரர் பாண் ஓட்டோவைத் தேடி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வெல்லாவெளியில் கண்ணகையின் தம்பி வீட்டில் பறவையை விட்டுவிட்டு, வெறும் மடியோடு திரும்பினார். பஸ் பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது அவரால் அடக்க முடியவில்லை. வாவியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஒழுங்கை அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. "இதுதான் மனிசத்தன்மை" என்றார்கள். கண்ணகை தலை நிமிர்ந்து சந்தைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் தனுஷா வாசல் படலையடியில் வந்து நின்றாள். புருஷன் போன பிறகு அவள் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. கண்கள் வீங்கியிருந்தன.

"மாமா, குருவிக்குச் சுகமில்லயா? மூணு நாளாச் சத்தத்தக் காணல்ல."

"சுகமாத்தான் இருக்கு மகள். உன்ட மனம் நோகப்படாதெண்டு வெல்லாவெளியில கொண்டு விட்டுட்டன். இனி அந்தச் சத்தம் உனக்குக் கேக்காது."

இவ்வளவு பெரிய தியாகத்தைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தனுஷா படலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நோகுதெண்டு ஆரு மாமா சொன்ன?"

நல்லரத்தினம் கண்ணகையைப் பார்த்தார். கண்ணகை ரோட்டைப் பார்த்தாள்.

"ஓட்டோவ வித்த பிறகு அது மெட்ட மறக்கத் துவங்கிட்டு மாமா. பாதியில விட்டுரும்," என்றாள் தனுஷா. "நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து, அவர்ர போனில கிடக்கிற மெட்டப் போட்டு, இந்த எட்டு மாசமும் பின்வேலியில நிண்டு அதுக்குச் சொல்லிக்குடுத்தது நாந்தான்."