திருப்ப ஓர் ஆள்

"இருக்கறதிலேயே விலை கம்மியானது எதுங்க ஐயா?"

கடைக்குள் கால் வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி. பின்னாலேயே வந்த புருஷனுக்கு முகம் சுருங்கியது.

"என்ன முட்டை?" என்றார் கடைக்காரர். முட்டை பொரிக்கும் மெஷின் விற்கிற வயசாளி. பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம்.

"வாத்து முட்டைங்க. எங்க மாமியார் வளர்த்த வாத்து. அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. இது முட்டை போடுதே ஒழிய அடை உக்கார மாட்டேங்குது."

கடைக்காரர் இரண்டு மெஷின்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சின்ன தெர்மாகோல் பெட்டி. இன்னொன்று பெரிசு, கண்ணாடி மூடி போட்டது.

"சின்னதுல முட்டையை நாமதான் கையால திருப்பிவிடணும். தினம் நாலஞ்சு தடவை. விட்டா உள்ளே கரு ஓட்டுல ஒட்டிக்கும். பெரிசுல மோட்டார் இருக்கு, தானே திருப்பிக்கும். எதை வாங்கினாலும் ஓட்டிப் பார்த்துத்தான் தருவேன். ஓடாத பொருள் என் கடையில கிடையாது."

"பெரிசு குடுங்க" என்றான் அவன்.

"சின்னது போதும்" என்றாள் அவள்.

"ஏய், ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல்ல யாரு திருப்பறது?"

"மாமா இருக்காரே. சும்மாதானே படுத்திருக்கார், திருப்பட்டும்."

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் கை நின்றது.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" அவன் அவள் பக்கம் திரும்பினான். "அம்மா போனதுலேர்ந்து சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கார் எங்கப்பா. சாப்பாட்டைக்கூடக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் குடுக்கறேன். அவரைப் போய் வேலை வாங்கணுமா?"

"முட்டையைத் திருப்பறது என்ன, மலையைப் புரட்டற வேலையா?"

நல்லா வந்து வாய்ச்சிருக்கா மருமக என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அந்த வீட்டுப் பெரியவரை நினைத்தால் பாவமாக இருந்தது.

அவள் தெர்மாகோல் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "ஐயா, இதுல சூடு ஒரே மாதிரி நிக்குமா?"

"கரண்ட் ஆடினா இதுவும் ஆடும். விலைக்கு ஏத்த சூடு."

"குஞ்சு செத்துப் போகுமா?"

"சிலது போகும். பெரிசுல அந்த பயம் இல்ல."

அவள் பெட்டியை மூடினாள். "அப்போ பெரிசே குடுங்க."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" அவன் காசைக் கட்டிவிட்டு, வண்டியில் இடம் ஒழிக்க வெளியே போனான்.

அவன் தலை மறைந்ததும் அவள் மேஜைமேல் குனிந்தாள்.

"ஐயா, இந்த மோட்டாரை மட்டும் கழட்டிடுங்களேன்."

"என்னம்மா விளையாடறியா? கழட்டினா விலை குறையும்னு பார்க்கறியா? நயா பைசா குறையாது."

"குறைக்க வேண்டாம். முழு விலைக்கே இருக்கட்டும்."

"பின்னே எதுக்கு?"

"மாமியார் வாத்து முட்டைங்க. அதுக்காகன்னா மாமா எழுந்திருப்பார். வேற எதுக்கும் எழுந்திருக்க மாட்டார்." அவள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். "இவர்கிட்ட சொன்னா, அப்பாவைத் தொந்தரவு பண்ணாதேம்பார். பாசத்துலயே அவரைப் படுக்க வெச்சிருக்கார். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

"அதுக்கு அந்தச் சின்ன பெட்டியே..."

"அதுல குஞ்சு செத்துப் போச்சுன்னா? மாமா இன்னொரு சாவைத் தாங்க மாட்டாருங்க."

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பேருக்குக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. மோட்டாரைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"என்னங்க ஐயா, புது மெஷினைக் கழட்டறீங்க?" அவன் திரும்பி வந்திருந்தான்.

"மோட்டார் ஓடல, தம்பி."

"அப்ப வேற பீஸ் குடுங்க."

"வேற பீஸ் இல்ல. வர்ற வரைக்கும் முட்டை காத்திட்டு இருக்காது, கெட்டுப் போயிடும். குஞ்சு பொரிஞ்சதும் கொண்டா, சும்மாவே மாட்டித் தரேன். அதுவரைக்கும் கையாலதான் திருப்பணும்."

"யாருங்க திருப்பறது? எங்க வீட்ல பகல்ல..."

கடைக்காரர் மெஷினைத் தூக்கி அவன் கையில் திணித்தார்.

"உங்கப்பா இருக்கார்ல? சும்மாதானே படுத்திருக்கார், திருப்பட்டும்!"