முப்பத்திரண்டும் தெரிய

"ஜலஜா, கத்தியை எடுத்துட்டு ஓடி வா!"

பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கிய ஜகதீசன் போட்ட சத்தத்தில் பாலாநகரே விழித்திருக்கும். கத்தியோடு ஓடிவந்த மனைவி, அபார்ட்மெண்ட் கேட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

கேட்டில் ஆளுயர ஃப்ளெக்ஸ். அதில் அவர்கள் மகள் ப்ரியம்வதா, எத்துப்பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே தெலுங்கில் 'ஹேப்பி பர்த்டே'.

நாம்பள்ளி எக்ஸிபிஷனில் அப்பாவையும் பெண்ணையும் நிற்கவைத்து ஜலஜா தன் போனில் எடுத்த படம். அதில் தன் முகத்தை மட்டும் வெட்டி இன்ஸ்டாவில் போட்டாள் ப்ரியம்வதா. பேர் தெரியாத புண்ணியவான்கள் யாரோ அந்த முகத்தை ஸ்டிக்கராக்கி, 'குர்ரம்' என்று எழுதி, காலேஜ் பூரா சுற்ற விட்டார்கள். குர்ரம் என்றால் குதிரை.

அன்றைக்கு மாஸ்க் போட்டவள்தான், கழற்றவே இல்லை. யார் எதிரிலும் சாப்பிடுவதில்லை, கண்ணாடி பக்கம் போவதில்லை. சிரிப்பை விடுங்கள், வீட்டில் பேசினால்கூடக் கை வாயை மூடிக்கொண்டது.

"பொறந்த நாளும் அதுவுமா, வீட்டு வாசலுக்கே வந்துட்டானுங்க பாரு!"

ஃப்ளெக்ஸின் அடியில், வாழ்த்தும் நண்பர்களின் படம் இருக்க வேண்டிய இடத்தில், முகமில்லாத சாம்பல் வட்டங்கள் வரிசையாக இருந்தன. கிங், டெவில், ராக்கி என்று ஸ்டிக்கரைப் பரப்பிய அதே கள்ளப் பேர்கள்.

"பேர் வேற போட்டுக்கிட்டானுங்க. என்ன திமிர்!"

ஜகதீசன் வாட்ச்மேனின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். படத்தில் மகளின் தோளை அணைத்திருந்த தன் கை, வாட்ச்சோடு பெரிதாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவ எழுந்து வர்றதுக்குள்ள அறுத்துடுங்க. பார்த்தா தாங்க மாட்டா" என்றாள் ஜலஜா.

ஜகதீசன் கயிற்றில் கத்தியை வைத்தார்.

"அப்பா, நக்கோ!"

திரும்பிப் பார்த்தார். ப்ரியம்வதா புதுச் சுடிதாரில் நின்றிருந்தாள். முகத்தில் மாஸ்க் இல்லை. ஃப்ளெக்ஸில் இருந்த அதே சிரிப்பு இருந்தது.

"அறுக்காதீங்கப்பா. ஸ்டிக்கர்ல ரொம்பச் சின்னதா இருந்தேன். நான்தான் பெருசா அடிக்கச் சொன்னேன்."