ஒருசந்திக் கஞ்சி

பெரிய வெள்ளி. காலையிலிருந்து ஒருசந்தி நோன்பிருந்த மேலத்தெருக்காரர்கள் கோயில் முற்றத்தில் கஞ்சிக்கு வரிசையாக நின்றார்கள். பாதியிலேயே அண்டா காலியாகிவிட்டது. வேலிக்கு அப்பால் காலனிக்காரர்கள் தங்களுக்கென்று தனியாகக் காய்ச்சியிருந்த கஞ்சியில் ஒரு வாளி கேட்டு வாங்கி, யாருக்கும் தெரியாமல் அண்டாவில் ஊற்றிவிட்டாள், பரிமாறிக்கொண்டிருந்த திரேசம்மாள்.

நாட்டாமை சூசை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு காய்ச்சுன கஞ்சி இது?"

திரேசம்மாள் அண்டாவைக் கிளறினாள். "நாந்தான் மாமா. உப்புக் கூடிட்டா?"

"இல்லம்மா. இப்படியொரு கஞ்சி இத்தன வருசத்துல குடிச்சதில்ல. இன்னும் ஊத்து."

அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதற்குள், அந்தக் கஞ்சியைக் காய்ச்சிய காலனி மரியபுஷ்பம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வேலியருகே வந்து நின்றாள்.

"அக்கா, எங்க வாளியத் தாங்க."

வாளி நாட்டாமையின் காலடியில் இருந்தது.