சொந்தத்துக்குள்ளேயே

ஆஸ்பத்திரி லிஃப்டிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் சண்முகவடிவு துப்பட்டாவை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டாள். தோளில் கறுப்புப் பை, கையில் கோப்பு. வேல்ராஜேதான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஏரலுக்கு வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டு, மறுநாளே வேண்டாம் என்று சொல்லியனுப்பியவன்.

"ஏளா, அவன் மருந்துக் கம்பெனியிலதான வேலை பாக்கான்?" பக்கத்து நாற்காலியிலிருந்த அம்மா முருகேஸ்வரி கிசுகிசுத்தாள். "கம்பெனி ஆளாத்தான் வந்திருக்கான். எந்திரி, போயிருவோம்."

"இதுக்காக நாலு மாசம் அலைஞ்சிருக்கேன்மா."

வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே செல்போனில் அலைந்த அலைச்சல் அது. அவளுக்கு நரம்புகளில் கட்டி கட்டியாய் வருகிற பரம்பரை நோய். தோலில் வந்ததை மறைத்துவிடலாம். முதுகெலும்பை ஒட்டி வளர்ந்தது இடது காலை மரத்துப்போக வைத்துவிட்டது. கத்தி வைக்க முடியாது, இதற்கு இங்கே மருந்தும் இன்னும் விற்பனைக்கு வரவில்லை என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அவள் மருந்து ஆராய்ச்சிகளைப் பதிந்து வைக்கும் இணையதளத்தைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் அர்த்தம் தேடித் தேடி வாசித்து, ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்கு மெயில் போட்டாள். தூத்துக்குடியிலிருந்து மட்டும் பதில் வந்தது. பன்னிரண்டு பேரைத்தான் சேர்க்கிறார்களாம். இன்றைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். உங்களுக்கு எட்டாம் நம்பர்" என்று இங்கே ஆராய்ச்சியைக் கவனிக்கிற மாலினி மேடம் போனில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அம்மாவே பஸ் ஏறினாள். அம்மாவின் காதோரத்திலும் சின்னதாய் இரண்டு உண்டு. அவற்றை மரு என்றே சொல்லிக்கொள்வாள்.

வேல்ராஜ், முருகேஸ்வரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். "சொந்தத்துக்குள்ளேயே முடிச்சா வெளிய தெரியாதுளா. தாலி ஏறினப்புறம் மெள்ளச் சொல்லிக்கிடலாம்" என்று அவனைத் தேடிப் பிடித்ததே அம்மாதான். முழுக்கை வைத்து ஜாக்கெட் தைத்தாகிவிட்டது. வடிவும் வாய் திறக்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று கரண்டு இல்லை. சித்திரை வெயிலில் அவன் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தான். "என்ன அடக்கம், பாரு" என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பி நீட்டும்போது வடிவின் ஜாக்கெட் கை மேலேறி, முழங்கைக் கட்டி அவன் அம்மா கண்ணில் பட்டது. மறுநாள் பதில் வந்துவிட்டது.

வேண்டாம் என்றதைவிட, ஏமாற்றத் துணிந்துவிட்டோமே என்பதுதான் இத்தனை நாளும் வடிவைத் தின்றது.

வேல்ராஜ் கவுண்டரில் இருந்த நர்ஸிடம் பழகியவன்போல ஏதோ பேசிவிட்டு, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தான்.

"இன்னைக்கு உன் பேரு அவன் கோப்புல ஏறும். நாளைக்கு உடன்குடி வரைக்கும் நாறும்" என்றாள் அம்மா. "வாற மாசம் உன் தங்கச்சிக்குப் பூ வைக்க வாராவ. நெனப்பிருக்கா?"

நினைப்பிருந்தது. வடிவு எழுந்தாள். மாடிப்படிக்குத்தான் போகிறாள் என்று நினைத்து அம்மாவும் பையைத் தூக்கினாள். மரத்த காலை இழுத்துக்கொண்டு வடிவு நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"என்னைய அடையாளம் தெரியுதா?"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். கோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "வடிவு... நீங்க எங்க இங்கன?"

"உங்க கம்பெனி மருந்துக்குத்தான் வந்திருக்கேன்." நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று மளமளவெனச் சொன்னாள். "அன்னைக்கு நீங்க வேண்டாம்னது நியாயந்தான். நாங்க மறைச்சுக் கட்டிக்குடுக்கப் பாத்தோம். எங்கம்மாவ மட்டும் குத்தம் சொல்லாதீய, நானும்தான் கூட்டு. ஆனா என் தங்கச்சிக்கு ஒண்ணும் கிடையாது, டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு. அவ காரியம் முடியுத வரைக்கும் என்னைய இங்கன பாத்ததா யார்ட்டயும் சொல்லிராதீய."

சொல்லி முடித்ததும் தரையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அப்படியே பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது அவளுக்கு.

"எதை மறைச்சீய?" என்றான் அவன்.

"வெளையாடாதீய. காப்பி குடுக்கையில என் முழங்கைக் கட்டிய உங்கம்மா பாத்தாவல்லா?"

"அம்மா வீட்டுக்கு வந்து உங்களப் பத்தி நல்லாத்தான் சொன்னா. எப்ப பேசி முடிக்கன்னு என்னையப் போட்டு அரிச்சா. உங்களுக்கு இப்படின்னு எனக்கு இந்த நிமிசந்தான் தெரியும்."

வடிவு தலையை நிமிர்த்தினாள். "பொறவு எதுக்கு வேண்டாம்னு சொன்னீய?"

வேல்ராஜ் சுற்றிலும் பார்த்தான். பையை மார்போடு அணைத்தபடி வந்து நின்ற அம்மாவைப் பார்த்தான். பிறகு, வடிவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"எனக்கு முதுகுல பதினாலு கட்டி இருக்கு."