நாக்குக்கு நோன்பு

"ஏ மேரி, விசயம் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி.

"வேணாங்க்கா. தவக்காலம்."

தரையில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த அடைக்கலமேரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வரதராஜன்பேட்டையில் திருநீற்றுப் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு எதையாவது ஒறுத்தலாக விடுவார்கள். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் பீடியை விடுவார். அடைக்கலமேரி புறணியை விட்டிருந்தாள். ஈஸ்டர் வரைக்கும் பிறத்தியார் கதையைக் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. இதைக் கேட்டு அவள் புருஷன் சூசைராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? அவள் காதில் ஒரு சேதி விழுந்தால் அடுத்த பூசைக்குள் அது தெருக்கோடி வரை போய்விடும். போன வருஷமும் இதே ஒறுத்தலைத்தான் எடுத்தாள். முதல் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் முறித்தும் விட்டாள்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறே நெருங்கிவிட்டது. இன்னும் முறியவில்லை. அதில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

"தவக்காலம்னா கறிதானே திங்கக்கூடாது? காதுக்கு என்ன வந்துச்சு?" புஷ்பவல்லி சம்மணமிட்டு உட்கார்ந்து, நாலு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நம்ம ஊரு பொண்ணு ஒருத்தி, நேத்து அரியலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் பைக்குல ஏறிப் போனாளாம். என் தம்பி பொண்டாட்டி கண்ணால பாத்துருக்கா. மூஞ்சிய ஷாலால மூடியிருந்தாளாம். பேட்டை பஸ்ஸுலேர்ந்து இறங்குனதால நம்ம ஊருன்னு தெரிஞ்சுது. யாருன்னுதான் தெரியல."

அடைக்கலமேரியின் கை ஒரு நிமிஷம் நின்றது. அவ்வளவுதான், புஷ்பவல்லி பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும்! மூஞ்சியே சொல்லுது."

"தெரியும்க்கா. ஆனா சொல்ல மாட்டேன்."

"அடியே, எங்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன தண்டோராவா போடப் போறேன்?"

போடுவாள். மூணு வருஷம் முன்னால் அடைக்கலமேரியின் மூத்தவள் ஜெசிந்தா விருப்பப்பட்டவனைக் கட்டிக்கொண்டு போனபோது, பெற்றவளுக்குத் தெரியும் முன்பே ஊருக்குச் சொன்னவள் இவள்தான். அன்றைக்கு அடைக்கலமேரி ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. இப்போது நாக்கின் நுனியில் ஒரு பெயர் துடித்துக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டால் எத்தனை சுகமாக இருக்கும்!

"சேசுவே, இந்த நாக்கக் கொஞ்சம் பிடிச்சுக்க" என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

புஷ்பவல்லி கண்களைச் சுருக்கினாள். "இல்ல, எனக்குப் புரியல. ஊருக் கதையெல்லாம் உன் வாயிலதான் புறப்படும். நீயே வாய மூடுறேன்னா…" குரலைத் தாழ்த்தினாள். "உன் சின்னவ ரோஸ்லின் எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்கா. பாட்டு பழகுறாங்க."

"நேத்து?"

"அக்கா, அது ரோஸ்லின் இல்ல."

"அப்ப யாருன்னு சொல்லேன்."

அடைக்கலமேரி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"பாத்தியா, சொல்ல வரல!" புஷ்பவல்லி முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "அக்கா போன வழியில தங்கச்சி. ஞாயித்துக்கிழமை ஜெயங்கொண்டத்துலேர்ந்து அவளப் பொண்ணு பாக்க வேற வராங்க. பாவம், நல்ல குடும்பம். அவங்க காதுல இது விழுந்துட்டா என்னாகும்?"

அடைக்கலமேரி கையிலிருந்த முந்திரியைக் கீழே வைத்தாள். ஒரே ஒரு பெயர். அதைச் சொன்னால் தன் மகள் தப்பிப்பாள், எதிரில் உட்கார்ந்திருப்பவளின் வாயும் அடைபடும். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவள் ஊர் வாயில் அரைபட்டுப் போவாள். அரைபடுவது எப்படி இருக்கும் என்பது ஜெசிந்தாவின் அம்மாவுக்குத் தெரியாதா?

"என் பொண்ணு இல்ல. அதுக்கு மேல நான் பேச மாட்டேன். நீங்க யார்கிட்ட என்ன சொன்னாலும் சரிங்க்கா, மாதா பாத்துக்குவா."

கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி முந்திரியை எடுத்தாள். புஷ்பவல்லிக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. கூட நாலு முந்திரியை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"பெரிய புனிதவதி! இருக்கட்டும், இருக்கட்டும். என் பொண்ணு காலேஜ் பஸ் வர்ற நேரமாச்சு, நான் போயி உலை வைக்கிறேன்."

அவள் படி இறங்கும் வரை அடைக்கலமேரி அசையவில்லை. பிறகு வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒறுத்தலை முறிக்கவில்லை என்ற நினைப்பில் கொஞ்சம் தெம்பு வந்தது. நேராக உள்ளறைக்குப் போய்க் கதவைத் திறந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப்போய், சுவரோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என் வாயிலேர்ந்து வராது, பயப்படாத. மூஞ்சியக் கழுவிட்டு நீயே போயி சொல்லு கவிதா, உங்கம்மா இப்பத்தான் வூட்டுக்குப் போறாங்க."