வால் இல்லாத துணி

துணியை நான் எடுக்கவே இல்லை.

பல் தேய்த்துவிட்டு வாயைத் துடைக்கத் துண்டைத் தேடியபோதுதான் பொறி தட்டியது. வாய் ஈரத்தோடு அப்படியே நின்றேன்.

ஐந்தாம் வீடு. குளியலறை. தண்ணீர் வெளியே போகிற குழாய்.

அந்த வரிசை வீடுகளைக் கட்ட ஞாயிறுதோறும் போகிறேன். வாடகை கொடுத்தே தேய்ந்துபோனவர்களுக்காகக் கட்டுகிற சின்னச் சின்ன வீடுகள். தொழில் தெரிந்தவர் கொத்தனார் மாமா ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் கூலி வாங்காமல் கை கொடுக்க வந்தவர்கள். வீட்டுக்குக் காத்திருப்பவர்களும் கூடவே வேலை செய்வார்கள். தையல்கார அக்கா அப்படித்தான், கைக்குழந்தையோடு வந்து செங்கல் நனைப்பாள்.

எது யார் வீடு என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. எல்லா வீடும் முடிந்த பிறகே சீட்டுக் குலுக்குவார்கள்.

"முன்னாடியே சொல்லிட்டா, அவனவன் தன் வீட்டுச் சுவத்துக்கு மட்டும் முத்தம் குடுத்துப் பூசுவான்" என்பார் மாமா.

குளியலறைத் தரைக்குக் கலவை போடும்முன் குழாயின் வாயில் துணி அடைக்க வேண்டும். சிமெண்ட் உள்ளே விழக் கூடாது. அது என் வேலை.

"வால் வெளிய தெரியட்டும் பாப்பா. வாலில்லாத துணி பொந்துக்குள்ள போன பாம்பு. அப்புறம் மகுடிதான் ஊதணும்" என்று மாமா முதல் நாளே சொன்னார்.

எல்லாக் குழாயிலும் துணி நுனியை வாலாக வெளியே விட்டேன். ஐந்தாம் வீட்டில் மட்டும் பெருக்கும்போது அது துடைப்பத்தில் சிக்கிக்கொண்டே இருந்தது. மடித்து உள்ளே குத்திவிட்டேன். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று.

அதற்குள் ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது தரையில் ஓடு பதித்து, குழாய்க்கு மேல் சல்லடைத் தகட்டையும் வைத்துப் பூசியாயிற்று. நானும் எட்டிப் பார்த்து, "பளபளன்னு இருக்கு மாமா" என்று சொன்னேன். சொன்னேனே!

இன்று சாயங்காலம் கடைசி வீடும் முடிந்தது. நாளைக் காலை கலவைச் சட்டியில் சீட்டைப் போட்டுக் குலுக்கிச் சாவி கொடுப்பார்கள்.

ஐந்தாம் வீட்டில் முதல் வாளித் தண்ணீர் போகாமல் நிற்கும். கணுக்காலுக்கு ஏறும். படி தாண்டி அறைக்குள் வரும். தையல்கார அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருப்பது கண்முன் வருகிறது.

இப்போதே மாமாவுக்குச் சொன்னால் காலையில் தரையை உடைத்துவிடுவார். ஆனால் ஒரு வீடு பாக்கி என்றாலும் சீட்டு கிடையாது. எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

போனை எடுத்துவிட்டேன். மாமா பேரையும் தேடி எடுத்துவிட்டேன்.

மூலையில் அம்மா கடைசிச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் பண்டமெல்லாம் கட்டியாயிற்று. நாளைச் சாயங்காலம் இந்த அறைக்கு வேறு ஆட்கள் குடிவருகிறார்கள்.

"இன்னும் என்னடி போனு? தூங்கு. நாளையிலேருந்து நம்ம பாத்ரூம். வாளியத் தூக்கிக்கிட்டு எவ பின்னாடியும் வரிசையில நிக்க வேணாம்."

விளக்கை அணைத்துவிட்டாள். மாமா பேர்மேல் கட்டைவிரல் அப்படியே நிற்கிறது.

வேறு யாருக்காவது விழட்டும் என்று நினைத்தால் அக்காவின் முகம் வருகிறது. எங்களுக்கே விழட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஐந்தாம் வீடு யாருக்கு விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது?