ஆளில்லாத ஏரி

"மனுச வாடையே இருக்கக்கூடாது மேடம். மூணு நாள், நானும் மலையும் மட்டும்!"

சுமை குறைய பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்து வந்திருந்த டெரிக், அமெரிக்காவின் வயோமிங் மலையடிவாரத்துக் கடையில், கடைக்காரி மார்லிஸிடம் வரைபடத்தை நீட்டினான்.

"நல்லவேளை இன்னைக்கே வந்தீங்க தம்பி, நாளையிலேர்ந்து கடை லீவு. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டீங்கன்னா சொல்றேன்."

குரலைத் தாழ்த்தி, வாத்து ஏரிக்குச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டாள்.

"கீழ ஊசி ஏரின்னு ஒண்ணு இருக்கே?"

"ஐயோ, அது கொசுப் பண்ணை! அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க."

"இதெல்லாம் டூரிஸ்ட் கும்பலுக்கு எங்க தெரியப்போவுது!" என்று பூரித்துப்போனான் டெரிக்.

கரடி விரட்டும் ஸ்பிரேயிலிருந்து தொலைநோக்கி வரை அவள் எடுத்து வைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மாலை, நாக்குத் தள்ள ஏறிப் போய்ச் சேர்ந்தால், வாத்து ஏரிக் கரையில் பதினான்கு கூடாரங்கள்.

"இங்க இடமில்லைங்க, அந்தப் பாறைக்குப் பின்னால பாருங்க" என்றார் ஒருவர். அவர் கையிலிருந்த வரைபடத்திலும் அதே சிவப்பு வட்டம்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"உஷ்! கடைக்காரம்மா எனக்கு மட்டும் சொன்ன ரகசியம்."

டெரிக் தொலைநோக்கியைக் கீழே ஊசி ஏரிப் பக்கம் திருப்பினான். கரையில் ஒரே ஒரு கூடாரம். அதன் முன்னே, கையில்லாத சட்டையோடு காலை நீட்டி உட்கார்ந்து, மார்லிஸ் மீன் பிடித்துக்கொண்டிருந்தாள்.